ஆறு மாதத்துக்கு ஒரு ஆள்

நன்னிலம்
4 ஆகஸ்ட் 2024

ஷமீராம்மாவுக்கு அத்தாவின் சலாம்.

"போனில் பேசினால் சிரித்தே மழுப்பிவிடுகிறீர்கள், இனி எதுவானாலும் எழுதுங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டாய். நாலு மாதமாகிறது. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சைக்குப் பிறகு நான் சேர்ந்தாற்போல் இரண்டு பக்கம் எழுதுவது இதுதான் முதல் தடவை. அந்தப் பரீட்சையில் எனக்கு முப்பத்தேழு மார்க். அதை மனதில் வைத்துக்கொண்டு படி. அஸார் செவ்வாய்க்கிழமை ஷார்ஜாவுக்கு விமானம் ஏறுகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். மில்லுக்கு ஆள் போட்டாச்சு. நீ சொன்னபடி ஆறு மாதத்துக்கு மட்டும். பெயர் அரவிந்தன், தஞ்சாவூர். கம்பெனிக்காரர்களிடம் பெரிய திட்டம் இருக்கும், நடத்த ஆள் இருக்காது. அங்கே போய் நடத்திக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவது இவர் தொழிலாம். கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறவர் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். மாப்பிள்ளை யார் என்று அவருக்குக் கவலையில்லை, பந்தல் சாயக் கூடாது, அவ்வளவுதான்.

முதல் நாள் நம் போர்மேன் ஜெய்னுலாபுதீனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டேன்.

"தம்பிக்கு நெல்லு தெரியுமா?"

"தெரியாதுங்க."

"மில்லு?"

"அதுவும் தெரியாது சார்."

"அப்ப என்னதான் தெரியும்?"

"தெரிஞ்சவங்களை வேலை செய்ய விடத் தெரியும்."

ஜெய்னுலாபுதீன் என்னைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருஷமாக நான் செய்யாத காரியம் எது என்று அந்தப் பார்வையில் எழுதியிருந்தது.

உன் அண்ணன் எழுதிவைத்த தாளை அவரிடம் கொடுத்தேன். மேலே "நம் கம்பெனியின் விஷன்" என்று போட்டு, கீழே ஒரே வரி: நன்னிலத்தைச் சுற்றி எந்த விவசாயியும் இனி ரோட்டில் நெல் காயப்போடக் கூடாது. அதற்குக் கீழே ட்ரையர் மெஷின், கூரை போட்ட களம், வயலுக்கே போய் ஈர நெல்லை ஏற்றிவர வண்டி, யாருக்கு எந்த நாள் என்று முறை. கடைசி வரி, இதை ஆரம்பித்து வைக்க ஆறு மாதத்துக்கு வெளியாள். அரவிந்தன் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு மடிக்காமல் மேஜைமேல் வைத்தார்.

அவர் வேலையைத் தொடங்கிய பிறகு நான் மில்லுக்குள் கால் வைக்கக் கூடாது என்ற உன் உத்தரவும் அமலில் இருக்கிறது. எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து என் மில்லை நானே வேடிக்கை பார்க்கிறேன்.

ஆளை எங்கே பிடித்தீர்கள் என்று உன் அம்மா கேட்டாள். தெரிந்தவர் மூலம் என்றேன். நீயும் அப்படியே வைத்துக்கொள்.

அன்புடன்,
அத்தா ஜெகபர் அலி

*

ஷார்ஜா
23 ஆகஸ்ட் 2024

அத்தாவுக்கு, வ அலைக்கும் சலாம்.

கடிதத்திலும் சிரிக்க வைக்கிறீங்க. பந்தல் இடத்தில் உங்க மருமகன் ஜாஹித் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குக் கோபம்தான் வந்தது.

நான் ஏன் எழுதச் சொன்னேன் என்பதை நீங்கள் மறந்த மாதிரி இருக்கிறது. அண்ணனுடைய நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து, எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். அன்றைக்கு அண்ணன் எதற்காகத் திருவாரூர் போனான்? வேலை நாள், நெல் வந்து குவிகிற பிப்ரவரி மாதம், மத்தியானம் இரண்டு மணிக்கு மில்லை விட்டுவிட்டு அவன் எங்கேயும் போகிறவன் இல்லை. நீங்கள் என்ன பதில் சொன்னீங்க? "ஜங்ஷன்ல டீ நல்லாருக்கும்மா." சொல்லிவிட்டு நீங்களே சிரிச்சீங்க. அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்கள்.

திரும்பி வரும்போது ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லில் வண்டி சறுக்கி அண்ணன் விழுந்தான். அது எல்லாருக்கும் தெரியும். போனது எதற்கென்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

மில் நம் மூன்று பேர் பெயரிலும் இருக்கிறது. வாங்குவதற்கு ஆள் காத்திருக்கிறது. ஜனவரி கடைசிக்குள், சம்பா அறுவடைக்கு, அண்ணன் எழுதிய அந்த ஒரு வரி நடந்திருக்க வேண்டும். நடக்காவிட்டால் விற்கிற பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடுவேன். உங்களிடம் அது வெறும் மில்லாக மட்டும் இருப்பதை என்னால் பார்க்க முடியாது.

அந்த அரவிந்தனை எங்கே பிடித்தீர்கள்? அம்மாவுக்குச் சொன்ன பதில் எனக்கு வேண்டாம்.

ஷமீரா

*

நன்னிலம்
13 அக்டோபர் 2024

ஷமீராம்மாவுக்கு,

திட்டு வாங்கிக்கொண்டேன். தாமதத்துக்கு மன்னிச்சுக்கோ, குறுவை அறுவடை.

ட்ரையர் ஓடுகிறது. முதல் வாரம் அதன் சத்தத்துக்குப் பெருமாள் கோவில் தெரு நாய்கள்கூட ஊரை விட்டுப் போய்விட்டன. களத்துக்குக் கூரை பாதி போட்டாச்சு. அரவிந்தன் யாரையும் அதட்டுவதில்லை. ஒரு பலகையில் இன்று யார் நெல், நாளை யார் நெல் என்று எழுதிவைக்கிறார். நான் முப்பது வருஷமாகத் தொண்டையால் செய்த வேலையை அவர் சாக்பீஸால் செய்கிறார்.

உன் அண்ணன் நாற்காலியில் அவர் உட்காருவதில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு மேஜைக்கு ஓரமாக உட்காருகிறார். "உட்காருங்க தம்பி, நாற்காலி ஒண்ணும் கடிக்காது" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். "இங்கேர்ந்தே கை எட்டுது சார்" என்று பதில் வந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். விவசாயிகள் எல்லாரும் முறை கேட்டுக் கூப்பிடுவது உன் அண்ணன் ஃபாஜில் நம்பருக்குத்தான். பத்து வருஷமாகப் பழகிய நம்பர், சுற்றி முப்பது ஊரில் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்த அவன் போனைச் சார்ஜ் போட்டு அப்படியே அரவிந்தனிடம் கொடுத்துவிட்டேன். வேறு வழி தெரியவில்லை.

நானும் டீக்கடையிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை கூப்பிடுகிறேன். அந்தப் போனில் என் நம்பர் "அத்தா" என்று பதிவாகி இருக்கிறது. அதைப் பார்த்த வேகத்தில் வாய்க்கு வந்துவிட்டது போல, முதல் நாளே "சொல்லுங்கத்தா" என்றார். நான் சட்டென்று கட் பண்ணிவிட்டேன். மறுநாள் கட் பண்ணவில்லை.

இப்போது கேட்பதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் கூப்பிடுகிறேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஜன்னலில் அவர் முதுகு தெரிகிறது. நீலச் சட்டை. போனைக் காதில் வைக்கும்போது தலையை இடப்பக்கம் சாய்க்கிறார். எல்லாரும் அப்படித்தான் சாய்ப்பார்கள் என்று எனக்கும் தெரியும்.

அத்தா

*

ஷார்ஜா
25 அக்டோபர் 2024

அத்தா,

உங்கள் கடிதம் என் கைக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்பே எனக்கு அண்ணனிடமிருந்து மெசேஜ் வந்துவிட்டது.

ஸ்கூல் ஆபீஸில் இருந்தேன். முன்னால் ஒரு பிள்ளையின் அம்மா நின்று ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். போன் அதிர்ந்தது. அண்ணன் படம். மில் வாசலில் என் மகன் ஃபாத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிற அதே படம். "நாளை ட்ரையர் முறை: மணவாளம்பேட்டை மூன்று வண்டி. காலை ஆறு மணிக்குள் வரவும்." விவசாயிகளுக்கு மெசேஜ் போகிற லிஸ்டில் அண்ணன் எப்போதோ என்னையும் சேர்த்து வைத்திருந்தான், "நாங்க என்ன பண்றோம்னு நீயும் பாரு" என்று.

மேலே "ஆன்லைன்" என்று இருந்தது. பிறகு "டைப் செய்கிறார்" என்று வந்தது. நான் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். "அண்ணே" என்று டைப் செய்தேன். அனுப்பவில்லை, அழித்தேன். அந்த அம்மா, "மேடம், உடம்பு சரியில்லையா?" என்று தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

இதுதான் நீங்கள் செய்தது. வேறு யாருக்கும் இது தோன்றாது. புது நம்பர் வாங்கினால் முப்பது ஊர்ச் சுவரில் மாற்றி எழுத வேண்டும், அவன் இல்லை என்று முப்பது தடவை சொல்ல வேண்டும். அதற்குப் பயந்துகொண்டு அவனையே வேலைக்கு வைத்துவிட்டீங்க.

நம்பரை மாற்றுங்க. உடனே. நீங்கள் அதில் கூப்பிடுவதை நிறுத்துங்க. அந்த மனிதர் பாவம், அவர் யார் வீட்டுப் பிள்ளையோ.

இரண்டாம் தடவையாகக் கேட்கிறேன். அவரை எங்கே பிடித்தீங்க?

ஷமீரா

*

நன்னிலம்
24 ஜனவரி 2025

ஷமீராம்மா,

மூன்று மாதம் எழுதவில்லை. நாலு தடவை ஆரம்பித்தேன். நாலும் வேடிக்கையாக வந்தது, கிழித்துப் போட்டுவிட்டேன்.

நம்பரை மாற்றவில்லை. அதன் பலனை நேற்று பார்த்தேன்.

மதுரம் என்று ஒரு பெரியம்மா. மகளோடு ஒன்றரை வருஷம் திருப்பூரில் இருந்துவிட்டு, சம்பா சாகுபடிக்கு ஊர் திரும்பியவர். நேற்று அவர் நெல்லோடு நம் வண்டி வந்தது. அவரும் மூட்டை மேலேயே உட்கார்ந்து வந்தார். நேராக ஆபீஸுக்குள் போனார். கையில் ஒரு பை நிறைய மொச்சைக்காய். டீக்கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு என்னவோ போல இருந்தது. உன் உத்தரவை மீறி ரோட்டைத் தாண்டி உள்ளே போனேன்.

"ஃபாஜில் தம்பி எங்க பாய்? அதுக்குத்தான் மொச்சக்காய் பறிச்சாந்தேன். நேத்து மத்தியானம்கூடப் பேசுச்சே. என் நெல்லுக்கு நாள் குடுத்துச்சே."

அரவிந்தன் எழுந்து நின்றார். கணக்குப் பார்க்கும் பெண் ரிஃப்கா கம்ப்யூட்டரை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜெய்னுலாபுதீன் என் வாயைப் பார்க்கிறார். பதினோரு மாதமாக அந்த மில்லில் என் காதுபட யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று. சொல்ல வேண்டியவன் நான்.

"அவன் போயிட்டாம்மா. மாசி வந்தா வருஷம் ஆகுது."

பெரியம்மா என்னைப் பார்த்தார், அரவிந்தனைப் பார்த்தார். "அப்ப இவ்வளவு நாளா என்கிட்ட பேசுனது யாரு?"

பையை மேஜையில் வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு அரவிந்தன் என்னைக் களத்துக்குக் கூட்டிப் போனார். "சார், ஆரம்பத்துல ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னேன். சொன்னதும் அழுதாங்க. அவங்க அழுவுறப்ப அங்க நெல்லு நனையுது. அப்புறம் சொல்றதை விட்டுட்டேன். இப்ப என் சம்சாரம் 'அரவிந்த்'னு கூப்பிட்டா திரும்ப ஒரு நிமிஷம் ஆகுது சார். முப்பத்தொண்ணாம் தேதியோட என்னை விட்ருங்க."

இருங்க தம்பி என்று நான் அவரைக் கெஞ்சினேன், ஷமீரா. இன்னும் ஒரு வருஷம் இருங்க என்று. அவர் தலையை ஆட்டிவிட்டார், முடியாது என்று.

நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன்.

அரவிந்தன் போன வருஷமே நம் மில்லுக்கு வந்திருக்கிறார். பிப்ரவரி இருபதாம் தேதி. உன் அண்ணன்தான் கூட்டிவந்தான். தாளை என் கையில் கொடுத்து, "அத்தா, இவர் ஆறு மாசம் இருந்து ஆரம்பிச்சு வெச்சுட்டுப் போவாரு, நீங்க சும்மா பாருங்க" என்றான். நெல் இறக்குகிற நேரம். இருபது ஆள் நிற்கிறார்கள். எனக்கு இருபது பேரைப் பார்த்தால் நாக்கு சும்மா இருக்காது.

"வீட்டோட மாப்பிள்ளை கேள்விப்பட்டிருக்கேன். வாடகைக்கு மகன் இப்பதான் பார்க்கிறேன். அப்ப நீ எதுக்குடா? இவரே போதும், நீ கிளம்பு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஃபாஜில் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு திருவாரூர் ஸ்டேஷனுக்குப் போனான். திரும்பி வரவில்லை.

ஐந்து மாதம் கழித்துத்தான் அவன் போனைச் சார்ஜ் போட்டேன். அவன் கடைசியாகக் கூப்பிட்டது அரவிந்தனை. அந்த நம்பரை அமுக்கினேன். அங்கே எடுத்தவர் பேசவில்லை. வெகு நேரம் கழித்து, "ஃபாஜில்?" என்றார். அவர் போனில் அந்தப் பெயர்தானே வந்திருக்கும்.

மில்லை நடத்த நான் அவரைக் கூப்பிடவில்லை, ஷமீரா. போகிற வழியில் என் மகன் என்ன சொன்னான் என்று கேட்கத்தான் கூப்பிட்டேன். ஆறு மாதமாக அவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் கேட்கவில்லை.

அந்தத் தாளை அவன் முதலில் காட்டிய முந்தின தீபாவளிக்கே நான் சரி என்றிருந்தால், ரோட்டில் அந்த நெல் கிடந்திருக்காது.

அத்தா

*

ஷார்ஜா
31 ஜனவரி 2025

அத்தா,

எனக்குத் தெரியும். நவம்பரிலிருந்து தெரியும்.

நீங்கள் நம்பரை மாற்றவில்லை என்று தெரிந்ததும், திட்டுவதற்காகத்தான் அந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். எடுத்ததும் "சொல்லுங்க" என்றார். எனக்குத் திட்ட வரவில்லை. அழுகையும் வரவில்லை. அண்ணனிடம் பேசுவது போலவே பேச ஆரம்பித்துவிட்டேன். ஃபாத்தி ஸ்கூலில் சேர்ந்தது, ஜாஹித் வேலை மாறியது, எல்லாம். "அத்தா இன்னும் பொய் சொல்றாருண்ணே" என்றுகூடச் சொன்னேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பத்து நிமிஷம் இருக்கும். உங்களை நான் எந்த வாயால் குற்றம் சொல்வது?

கடைசியில் அவர் பேசினார். "மேடம், நான் அரவிந்தன். நீங்க பேசுனதை நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுட்டேன். பதிலுக்கு எனக்குத் தெரிஞ்ச ஒண்ணைச் சொல்லிடறேன்." எல்லாவற்றையும் சொன்னார். நீங்கள் சொன்ன அந்த வார்த்தை உட்பட. உங்களிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் அவரைக் கேட்டுக்கொண்டேன். நீங்களாக எழுத வேண்டும் என்று இரண்டரை மாதம் காத்திருந்தேன். எழுதிட்டீங்க.

வழியில் அண்ணன் ஒன்றும் பேசவில்லையாம். ஸ்டேஷனில் ரயில் வர இருபது நிமிஷம் இருந்ததாம். பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு சொன்னானாம். அரவிந்தன் சொன்னபடியே எழுதுகிறேன்:

"எங்கத்தா நாலு பேர் சிரிப்பாங்கன்னா யாரை வேணும்னாலும் வித்துடுவாரு. மனசுல வெச்சுக்காதீங்க. நாளைக்கு அவரே உங்களைக் கூப்பிடுவாரு. கூப்பிட்டா மறுக்காம வாங்க."

சிரித்துக்கொண்டா சொன்னான் என்று கேட்டேன். "இல்ல மேடம். ஆனா கோவமாவும் இல்ல" என்றார். ரயில் ஏறின பிறகு ஒரு தடவை போன் செய்து, உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்டானாம். அதுதான் நீங்கள் பார்த்த அந்தக் கடைசி அழைப்பு.

அதனால்தான் ஐந்து மாதம் கழித்து அந்த நம்பரிலிருந்து நீங்கள் கூப்பிட்டபோது அவருக்குப் பேச்சு வரவில்லை. அதனால்தான் மறுக்காமல் வந்தார்.

அவரைப் போக விடுங்க அத்தா. அவர் வந்த வேலை முடிந்துவிட்டது. விற்கிற பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. உங்களை மன்னித்தேனா என்று கேட்காதீங்க, எனக்கே தெரியவில்லை. வருஷ பாத்திஹாவுக்குப் பத்தொன்பதாம் தேதி திருச்சிக்கு வந்து இறங்குகிறேன். விமான நிலையத்துக்கு நீங்களே வாங்க. வேறு ஆளை அனுப்பாதீங்க.

ஷமீரா

*

நன்னிலம்
10 பிப்ரவரி 2025

ஷமீராம்மா,

நீ வருவதற்குள் இது கைக்குக் கிடைக்க வேண்டும், அதனால் சுருக்கமாக.

உன் கடிதத்தை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பிளாட்பாரம் வந்த இடத்தில் கடிதத்தை அவளிடம் நீட்டிவிட்டேன். அவள் வாங்கி மீதியைப் படித்தாள். படித்து முடித்துவிட்டு, "நாளைக்குன்னு சொல்லியிருக்கான்" என்றாள். நாளைக்கு என்றுதான் சொல்லியிருக்கிறான். நான் எடுத்துக்கொண்டது ஐந்து மாதம். கடைசிவரை என் மகன் என்னை, நான் இருக்கிறதைவிடக் கொஞ்சம் நல்லவனாகவே நினைத்திருக்கிறான்.

அரவிந்தனைப் போன வாரம் காரில் திருவாரூர் ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டேன். அதே ரோடு. அறுவடை மும்முரம். நம் வண்டி போகிற ஊர்கள்வரை தார் ரோடு சுத்தமாகக் கிடந்தது. அதைத் தாண்டியதும் பாதி ரோட்டை அடைத்து நெல். சுற்றிலும் கல் வைத்திருந்தார்கள். அரவிந்தன் கண்ணாடியை இறக்கி, "அடுத்த வருஷம் இதுவரைக்கும் வந்துடணும் சார்" என்றார். ரயில் வரும்வரை கூடவே நின்றேன். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதை நீ எழுதிவிட்டாயே.

பலகையும் முறையும் இப்போது ரிஃப்கா பொறுப்பு. அவளுக்குப் புது நம்பர். எடுத்ததும் "ரிஃப்கா பேசுறேன்" என்கிறாள். முப்பது ஊர்ச் சுவருக்கும் நானும் ஜெய்னுலாபுதீனும் பெயின்ட் டப்பாவோடு போய்வருகிறோம். பதினொரு ஊர் முடிந்தது. ஒவ்வொரு ஊரிலும் யாராவது வந்து நின்று கேட்கிறார்கள்.

பழைய நம்பரை நிறுத்த இன்று காலை போன் கடைக்கு நானே போனேன். கவுன்டரில் இருந்த பெண், "நல்ல நம்பரா இருக்கே, எதுக்கு பாய் வேணாங்கறீங்க?" என்று கேட்டாள்.

சொன்னேன்.

அத்தா